மூன்றாவது போர்

அந்தத் தெருவில் எல்லோரும் அவரைப் போர்க்காரர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள், மனிதர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று நினைத்துக்கொண்டு, அவர் எதிரே வந்தால் முதுகை நிமிர்த்தி நடப்பார்கள். பிறகு ஒரு நாள், கரப்பான் பூச்சிக்குப் பயந்து அவர் நாற்காலி மேல் ஏறி நிற்பதைப் பார்த்து ஏமாந்து போவார்கள்.

அவருடைய போர் வேறு. எஞ்சின் பட்டறையில் சிலிண்டர் குடைகிற வேலை அவருக்கு. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் லட்சக்கணக்கான தடவை ஓடி ஓடி, வட்டமாக இருந்த துளை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். எஞ்சின் புகை கக்கும், எண்ணெய் குடிக்கும், மூச்சு வாங்கும். அப்போது அந்த இரும்புக் கட்டியைக் கழற்றி இவரிடம் கொண்டு வருவார்கள். இவர் தம் இயந்திரத்தில் ஏற்றி, துளையைத் தலைமுடிக் கனத்துக்குப் பெரிதாக்கி, மறுபடி பிறந்த அன்றிருந்த வட்டமாக்கிக் கொடுப்பார். புதுத் துளைக்கு ஏற்ற கொஞ்சம் பெரிய பிஸ்டனைப் போட்டால் எஞ்சினுக்கு மறுவாழ்வு.

அந்தத் துளைக்குப் பெயர் போர். துளையின் அகலத்துக்கும் போர். துளையைக் குடைகிற வேலைக்கும் போர். “போர் என்ன?” என்று ஒருவர் கேட்டால் எத்தனை மில்லிமீட்டர் என்று அர்த்தம். “போர் முடிஞ்சுதா?” என்றால் வேலை முடிந்ததா என்று அர்த்தம்.

இந்த ஒரு சொல்லால் அவர் வாழ்க்கையில் வந்த வம்பு கொஞ்சமல்ல. கல்யாணமான ஐந்தாம் நாள் பட்டறைக்குத் தொலைபேசியில் கூப்பிட்ட புது மனைவி, “என்ன பண்றீங்க?” என்று ஆசையாகக் கேட்டாள். “போர் அடிச்சிட்டு இருக்கேன்” என்றார் அவர். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. “அஞ்சே நாள்ல போர் அடிச்சிருச்சா உங்களுக்கு?” அன்று மாலை அவர் இரண்டு மணி நேரம் சிலிண்டர் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. அவள் தலையாட்டினாள். ஆனால் மனதின் ஒரு மூலையில், இந்த மனிதருக்குத் தன்னைப் பார்த்தால் சலித்துவிடும் என்ற பயம் முள்ளாகத் தங்கிவிட்டது. பெண் மனம் அப்படித்தான். முப்பது வருடமாக அந்த முள்ளை அவள் எடுத்துப் போடவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை.

அந்தச் சொல் யுத்தத்தில் இருந்துதான் வந்தது என்பது போர்க்காரரின் சொந்த ஆராய்ச்சி. “இரும்போட சண்டை போடுறோம் இல்ல? அதான் போர்” என்று டீக்கடையில் அடித்துப் பேசுவார். ஒரே மகள், படிக்கிற காலத்தில் நூலகத்துப் பெரிய அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து அப்பாவின் ஆராய்ச்சியைக் கவிழ்த்தாள்.

“அப்பா, சண்டைக்குச் சொல்ற நம்ம போர் வேற, இந்த போர் வேற. இது இங்கிலீஷ்காரன் வார்த்தை. ரொம்பப் பழைய வார்த்தை. துளைக்கிறதுன்னு அர்த்தம், அவ்வளவுதான்.”

“அப்போ உங்கம்மா சொல்ற போர்?”

“சலிப்புக்குச் சொல்றது எங்கேருந்து வந்துச்சுன்னு அகராதி எழுதினவங்களுக்கே தெரியலையாம்.”

அவர் முகம் வாடியதைப் பார்த்து, மகள் இன்னொரு செய்தியையும் சொன்னாள். முதன்முதலில் நீராவி எஞ்சினுக்குச் சரியான உருண்டையான சிலிண்டர் கிடைக்காமல் தவித்தபோது, அதைக் குடைந்து கொடுத்தவர் பீரங்கிக் குழாய் குடைகிற ஒருவர்தானாம். போர்க்காரர் துள்ளி எழுந்துவிட்டார். “பீரங்கியா! அப்புறம் என்ன? சுத்திச் சுத்தி அங்கதானே வந்து நிக்குது!” அன்று முதல் டீக்கடையில் அவர் குரல் இன்னும் ஓங்கிவிட்டது.

அந்த மகள் இப்போது ஆற்றின் அக்கரையில் ஒரு மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். தினமும் பயணிகள் படகில்தான் போய் வருவாள். ஆறு கடலில் சேர்கிற இடம் அது. அகலமான தண்ணீர், முரட்டு நீரோட்டம். நடுவில் எஞ்சின் நின்றால் படகை இழுத்துக்கொண்டு போய் முகத்துவாரத்துப் பாறைத் தடுப்பில்தான் மோதும். படகின் எஞ்சின் புகைய ஆரம்பித்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மகள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போனாள்.

நான்கு சிலிண்டர் கொண்ட அந்தப் படகு எஞ்சின் வந்து சேர்ந்தது இவருடைய பட்டறைக்குத்தான்.

“அப்பா, சீக்கிரம் முடிச்சுக் குடுங்கப்பா. பஸ்ல நின்னுட்டே போய்க் கால் ரெண்டும் கழண்டு போச்சு.”

“காலைக் கழட்டிக் குடு, அதையும் இயந்திரத்துல ஏத்திடலாம்” என்றார்.

அவர் வேலை செய்கிற முறை எல்லோருக்கும் தெரியும். பிஸ்டன் நான்கும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவருக்கு நான்கு ஆட்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து, அதற்கென்று ஒரு துளையைக் குடைந்து, துளையருகே சாக்பீஸால் எண் போடுவார். குடைந்ததும், முள்ளால் துளையின் அளவைக் காட்டும் அளவுக் கடிகாரத்தை உள்ளே விட்டுச் சரிபார்த்துவிட்டு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு டிக் அடிப்பார். அந்த டிக் விழுந்துவிட்டால் முதலாளிகூட மறுபடி அளக்க மாட்டார். முப்பது வருட டிக் அது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே வலது கை மரத்துப் போனது போல இருந்தது. கையை மடக்கிப் படுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். கண்ணும் கொஞ்சம் மங்கியது. மூன்று மணிக்குள் நான்கு துளைகளும் முடிந்து நான்கு டிக்கும் விழுந்துவிட்டன. கருவிகளைத் துடைத்து வைக்கும்போதுதான் அவருக்கு உடம்பு சில்லிட்டது. மூன்றாவது துளையை அளந்தபோது அளவுக் கடிகாரத்தின் முள் எந்தப் பக்கம் நின்றது? பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் மூன்று கோடு நிற்க வேண்டும். அது நின்றது அந்தப் பக்கம் மூன்று கோடு. இடம் வலம் தெரியாத குழந்தையைப் போல அதைப் பார்த்துவிட்டு, சரி என்று டிக் அடித்திருக்கிறார்.

ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஆறு கோடு குறைகிறது. குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் சமர்த்தாக உள்ளே நுழையும். கரையோரம் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆள் நிறைய ஏற்றி, நீரோட்டத்தை எதிர்த்து, எஞ்சின் முழுச் சூடேறும்போதுதான் பிஸ்டன் விரிந்து, துளையைக் கவ்விக்கொண்டு நிற்கும். அதாவது நடு ஆற்றில்.

அவர் தடுமாறி எழுந்து போய், கட்டை விரலை நாக்கில் தொட்டு, மூன்றுக்குப் பக்கத்தில் இருந்த டிக்கை அழித்தார். மறுபடி குடைய வேண்டும் என்று இயந்திரத்தை நோக்கித் திரும்பினார். தரை எழுந்து வந்து அவரை அடித்தது.

அவரை வாரித் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டு ஓடியவன் அவர் மைத்துனன், மனைவியின் தம்பி. அதே பட்டறையில் பக்கத்து இயந்திரம் அவனுடையது. எப்போது பார்த்தாலும் இருவரும் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தனியாகத் திறந்ததில்லை.

“ஸ்ட்ரோக்” என்றார் டாக்டர்.

“எங்க தொழில்ல பிஸ்டன் ஓடுற தூரத்துக்குப் பேரு ஸ்ட்ரோக். போரும் ஸ்ட்ரோக்கும்தான் எஞ்சினோட அளவு டாக்டர்” என்று அவன் சம்பந்தமில்லாமல் சொன்னான். சிரிக்கப் பார்த்து, முடியாமல், சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

மறுநாள் அவன் பட்டறைக்குப் போனபோது படகு எஞ்சின் அப்படியே இருந்தது. ஒன்று, டிக். இரண்டு, டிக். நான்கு, டிக். மூன்றுக்குப் பக்கத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு தீற்றல். விழும்போது மாமாவின் கை பட்டு அழிந்திருக்கிறது என்று நினைத்தான். மாமா முடித்துவைத்த கடைசி வேலை இதுதானோ என்று நினைத்தபோது அவனுக்குக் கண் நிறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாக்பீஸை எடுத்து, அவர் போடுவதைப் போலவே வாலை நீட்டி ஒரு டிக் அடித்தான். வியாழக்கிழமை எஞ்சின் படகுத்துறைக்குப் போய்விட்டது.

பாசம்தான் அந்தக் கோட்டை இழுத்தது. அதனால்தான் அது யார் கண்ணுக்கும் பொய்யாகத் தெரியவில்லை.

நான்காம் நாள் போர்க்காரர் கண் விழித்தார். வலது கை, வலது கால் அசையவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மனைவி குனிந்து, “என்னங்க, என்னைத் தெரியுதா?” என்றாள்.

அவர் உதடு துடித்தது. எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது: கடிகார முள், மூன்று கோடு, படகு, மகள். சொல்ல வாயைத் திறந்தார். ஆயிரம் சொல் இருந்த இடத்தில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது.

“போர்.”

“என்னங்க?”

“போர்... போர்.”

மனைவிக்குச் சுருக்கென்றது. முப்பது வருட முள் நேராகப் போய் இதயத்தில் தைத்தது. பிழைத்து எழுந்த மனிதர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தையா இது! ஆனாலும் கண்ணீரை விழுங்கிக்கொண்டு, “படுத்தே கிடந்தா யாருக்குத்தான் போர் அடிக்காது” என்று வீட்டிலிருந்து ரேடியோவைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை வாசித்துக் காட்டினாள். அவர் இடது கையால் ரேடியோவைத் தள்ளிவிட்டார். அது கீழே விழுந்து உடைந்தது.

மகளுக்கு வேறு சந்தேகம். பொது வார்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. எங்கோ ஒரு நாட்டில் குண்டு விழுகிற செய்தி. “அம்மா, அதைப் பார்த்துப் பயப்படுறார்மா” என்றவள் நர்ஸிடம் கெஞ்சி அதை நிறுத்தச் சொன்னாள்.

மைத்துனன் அடித்துச் சொன்னான். “அக்கா, வீட்டுல தண்ணி வரலைன்னு போன மாசம் பூரா புலம்பிட்டு இருந்தார். போர் போடணும்ங்கிறார். மாமா, நீங்க எந்திரிங்க. முந்நூறு அடி என்ன, அறுநூறு அடி போட்டுருவோம்.”

போர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்கடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. “பாத்தியாக்கா, சந்தோஷத்துல அழறார்” என்றான் அவன்.

டாக்டரிடம் கேட்டார்கள். அவர் நல்லவர், பொறுமைசாலி. “மூளையில பேச்சுக்கான இடம் அடிபட்டிருக்கு. சில பேருக்கு இப்படி ஒரே வார்த்தை மாட்டிக்கிட்டுத் திரும்பத் திரும்ப வரும். தண்ணி வேணும்னாலும் அதான், வலிச்சாலும் அதான். அதுக்கு அர்த்தம் தேடி நீங்க அலையாதீங்க” என்றார்.

அன்றிலிருந்து அவர்கள் தேடுவதை நிறுத்தினார்கள். அவர் போர் என்றால் தண்ணீர் கொடுத்தார்கள். போர் என்றால் புரட்டிப் படுக்கவைத்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். கேட்பதற்கு மட்டும் யாரும் இல்லை.

ஒன்பதாம் நாள் இடது கை சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. அவர் மூன்று விரலை விரித்துக் காட்டினார். “மூணு மணி மாத்திரையைக் கேக்கறார், ஞாபக சக்தியைப் பாருங்க!” என்று நர்ஸ் மெச்சினாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் உருட்டினார். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டாள்.

இரண்டாவது சனிக்கிழமை மாலை மகள் ஓடிவந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

“அப்பா! போட்டை இன்னைக்கு ஓட்டிப் பார்த்துட்டாங்களாம். எஞ்சின் பஞ்சு மாதிரி ஓடுதாம். திங்கட்கிழமை காலையில முதல் நடை. உங்க எஞ்சின்லதான்பா நான் போகப் போறேன்!”

அவர் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. “போர்! போர்! போர்!” இடது கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரல் பதிந்து தோல் சிவந்துபோயிற்று.

“அப்பாவுக்கு என்ன சந்தோஷம் பாரு” என்று மனைவி மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் கண்ணையே பார்த்தாள். சந்தோஷப்படுகிறவன் கண் இப்படியா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மகள் குளித்து, புதுப் புடவை கட்டி, அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுக் கிளம்பினாள். அவர் அவள் முந்தானையைப் பிடித்தார். அவள் சிரித்துக்கொண்டே விரல் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். வாசற்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மனைவி அவரைச் சமையலறை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்திருந்தாள். அவர் கைக்கெட்டும் மேடையில், கழுவிய எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. பக்கத்தில் கொதிக்கக் கொதிக்க இறக்கிவைத்த வெந்நீர்ப் பாத்திரம், அதில் ஒரு கரண்டி. அவள் அந்தப் பக்கம் திரும்பி ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தபோது ஏதோ தெறித்தது. திரும்பிப் பார்த்தாள். இடது கையால் கரண்டியைப் பிடித்து, உள்ளே இருந்த சின்ன டம்ளரில் வெந்நீரை ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி அவர் தொடையிலேயே கொட்டியது. அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

“ஐயையோ! என்ன காரியம் பண்றீங்க!” ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கினாள். அவர் டம்ளரைக் கையில் எடுத்துக் கவிழ்த்தார். தண்ணீர் போயிற்று. உள் டம்ளர் வரவில்லை. ஆட்டினார், வரவில்லை. அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அது எப்படி வரும்? சூடா ஊத்தினா உள்ளே இருக்கிறது விரிஞ்சு இறுகிக்காதா? முப்பது வருஷமா சிலிண்டர் சிலிண்டர்னு உயிரை விட்ட மனுஷன், இதுகூடத் தெரியாதா உங்...”

அவள் வாய் பாதியில் நின்றது.

அவர் அவளையே பார்த்தார். டம்ளரை மடியில் வைத்துவிட்டு மூன்று விரலை உயர்த்தினார். பிறகு ஜன்னல் பக்கம், மகள் போன திசையைக் காட்டினார்.

“போர்” என்றார். கத்தவில்லை. கெஞ்சினார்.

“மூணாவது...” அவள் குரல் தனக்கே கேட்காமல் வந்தது. “மூணாவது போர்ல... போட் எஞ்சின்ல... சூடானா புடிச்சுக்குமா?”

அவர் தலை ஆடிற்று. ஆடிக்கொண்டே இருந்தது. பதின்மூன்று நாள் அடைத்துக் கிடந்த மதகு திறந்தது போல அந்த மனிதர் ஏங்கி ஏங்கி அழுதார். “ஐயோ, நான் பாவி! என்னைச் சொல்றீங்கன்னு நினைச்சேனே!” என்று அவள் தன் தலையில் அடித்துக்கொண்டாள். அழ நேரமில்லை. தொலைபேசியை எடுத்தாள்.

மகள் எடுக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள். நடந்ததைக் கொட்டினாள்.

“அக்கா, மாமாவுக்கு மூளை குழம்பியிருக்கு. நாலுக்கும் டிக் இருந்துச்சுக்கா. மாமா டிக் போட்டா...” அவன் சட்டென்று நிறுத்தினான்.

“என்னடா?”

“மூணாவது டிக்...” அவன் குரல் உடைந்தது. “அது அழிஞ்சிருந்துச்சுக்கா. நான்தான் போட்டேன். அவர் அழிச்சிருக்கார்க்கா. அவரே அழிச்சிருக்கார்!”

“நீ படகுத்துறைக்கு ஓடு. மத்ததை அப்புறம் அழலாம். ஓடு!”

ஐந்தாவது தடவை மகள் எடுத்தாள். பின்னால் எஞ்சின் சத்தம்.

“அம்மா, ஒண்ணும் கேக்கலை. கிளம்பப் போறாங்க.”

“படகு கிளம்பக் கூடாது. உங்கப்பா சொல்றார். மூணாவது போர் தப்பு. சூடானா நின்னுடும். கேக்குதா? நின்னுடும்!”

“அப்பா சொன்னாரா?”

“சொன்னார்டி. பத்து நாளா சொல்லிட்டே இருக்கார். நமக்குத்தான் காது இல்லை. உன் மாமா அங்கதான் ஓடி வர்றான்.”

மகள் நினைத்திருந்தால் தான் மட்டும் இறங்கிவிட்டுப் போயிருக்கலாம். அவள் போர்க்காரர் மகள். ஓட்டுநரிடம் போய்ச் சொன்னாள். நாற்பது பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்கப்பாவுக்குத்தான் பேச்சே வரலைன்னு ஊரே சொல்லுதே. எப்படிம்மா சொன்னார், கனவுல வந்தா?” என்றார் ஓட்டுநர். இரண்டு பேர் சிரித்தார்கள். “ஆபீஸுக்கு நேரமாச்சு, நகரும்மா” என்று ஒருவர் அதட்டினார்.

மகள் கரைக்குத் தாவினாள். படகுக்காரர் அவிழ்த்துப் பாதி சுருட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்து, கரையில் நட்டிருந்த இரும்புக் கட்டையில் மூன்று சுற்றுச் சுற்றினாள். புதுப் புடவையோடு அந்த எண்ணெய்க் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னைத் தூக்கித் தண்ணியில போட்டுட்டுக் கயித்தை அவுத்துக்கங்க. எங்க மாமா வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

ஏச்சும் பேச்சும் கிளம்பின. அவள் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பத்து நிமிடத்தில் அவன் வந்து சேர்ந்தான். செருப்புகூட இல்லை. மூச்சிரைக்க, அத்தனை பேர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டான்.

“யாரும் போகாதீங்க. மூணாவது சிலிண்டர் சரிபார்க்கலை. சரின்னு குறி போட்டவன் நான். மேல ஒரு கேள்வி இருந்தா என்னைக் கேளுங்க.”

ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் தண்ணீர் படகை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

புதன்கிழமை எஞ்சினைப் பிரித்தார்கள். மூன்றாவது துளை ஆறு கோடு குறைவு. சோதனை ஓட்டத்திலேயே அந்தப் பிஸ்டனின் இரண்டு பக்கமும் நகம் கீறியது போலத் தழும்பு விழுந்திருந்தது. நாற்பது பேரோடு நடு ஆற்றுக்குப் போயிருந்தால் அது துளையைக் கவ்விக்கொண்டு நின்றிருக்கும். படகுக்காரர்கள் வேறு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துகொண்டார்கள். போர்க்காரர் கைக்கு ஆறு கோடு தப்பும் என்பது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தத் தப்பும் எஞ்சினோடு ஆற்றில் மூழ்கியிருக்கும், அவர் தலையில் விழுந்திருக்காது. அவர் இயந்திரத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார். வலது கை இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாதது ஒன்றுதான். மைத்துனன் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். மூன்று வாரமாகப் பட்டறைக்கும் போகவில்லை. அக்கா தொலைபேசியில் கூப்பிட்டால், “எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவேன்? நாப்பது பேரையும் அவளையும் கொல்லப் பார்த்த கை இது” என்று சொல்லி வைத்துவிடுவான். சாப்பிடுவதே இல்லை என்று அவன் மனைவி அழுதாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரத்தில் நான்கு நாள் வந்தாள். தண்ணீர், வீடு, பால் என்று படம் போட்ட அட்டைகளை எடுத்து நீட்டினாள். அவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். சுவரில் இருந்த குடும்பப் படத்தில் மைத்துனன் முகத்தில் விரலை வைத்தார். பிறகு தன் நெஞ்சில் வைத்தார்.

“அவர்கிட்ட ஏதோ சொல்லணும் போலிருக்கு” என்றாள் பயிற்சிப் பெண். மனைவியும் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து சொல் சொல்லாகக் கேட்டார்கள். வா? மன்னிப்பு? கோபம்? சாப்பிடு? எல்லாவற்றுக்கும் தலையை அசைத்து மறுத்தார். “தப்பு?” என்று மகள் கேட்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யார் தப்பு? உங்க தப்புன்னு சொல்லணுமா?”

ஆமாம். அதுதான்.

இரண்டே சொல். பத்தொன்பது நாள் ஆயிற்று. பயிற்சிப் பெண் கையைத் தட்டித் தாளம் போட, காலையும் மாலையும் வேர்த்துக் கொட்டப் பழகினார். முதலில் ‘போர்’தான் வந்தது. பிறகு ‘என்’ வந்தது. கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, வால் நீண்டு, ஒரு மாதிரி வந்தது.

மகள் போய் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல். அவன் நிலைப்படியைத் தாண்டாமல் நின்றான். கன்னம் ஒட்டி, தாடி மண்டி, ஆளே பாதியாகியிருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போர்க்காரர் நாற்காலியின் கையைப் பிடித்து உடம்பை நிமிர்த்தினார். கழுத்து நரம்பு புடைத்தது.

“எந்தப்பூ.”

அவன் விழித்தான். “எந்தப் பூவா? என்ன பூ மாமா?” அக்காவைப் பார்த்தான். “பூ கேக்கறாராக்கா?”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

போர்க்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இடது கையால் தன் நெஞ்சில் படீர் படீரென்று அடித்துக்கொண்டார். “எந்... தப்பூ! எந்... தப்பூ!”

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

“இல்ல மாமா. நீங்க அழிச்சீங்க. போட்டவன் நான். என் தப்பு மாமா.”

“எந்தப்பூ!”

“சும்மா இருங்க மாமா. உடம்பு சரியில்லாத ஆளு கை தவறினா அது ஒரு தப்பா? கை நல்லா இருக்கிறவன் கண்ணை மூடிட்டு டிக் போட்டான் பாருங்க, அதான்...”

“எந்தப்பூ! எந்தப்பூ!”

“நான் சொல்றதைக் கேளுங்களேன். எப்பப் பார்த்தாலும் நீங்க சொல்றதுதான் சரியா இருக்கணுமா உங்களுக்கு?”

அவன் எழுந்து உள்ளே வந்துவிட்டான். நாற்காலிக்கு முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். அவர் ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒன்றுக்கு ஒன்று பதில் கொடுத்தார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் துடைக்கவில்லை.

“போதும்மா, நிறுத்தச் சொல்லுங்க. அவருக்கு ரத்த அழுத்தம் ஏறப்போகுது” என்றாள் மகள்.

“இருடி” என்றாள் மனைவி. தம்பிக்கும் ஒரு தட்டை எடுத்துப் போட்டாள். சண்டை முடிகிற வழியாகத் தெரியவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.